பார்படாஸில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜனவரியில் ஒரு வாரம் குடும்பத்தோடு பார்படாஸ் போகிறீர்கள், ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், உள்ளூர்க் கடைகள் வேண்டும், கூட வருகிறவர்களில் ஒருவர் சைவம். கேள்வி இதுதானே? நாங்களும் தெற்குக் கடற்கரையில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்துத் தங்கி, சமைக்காமல் ஊர் சுற்றிச் சாப்பிட்டவர்கள்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

கடைப் பெயர்களைத் தேடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். அந்த ஊரில் இன்ன கிழமை இன்ன சாப்பாடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்ல கடையாக இருப்பது திங்கட்கிழமை பூட்டிக் கிடக்கும். கூகுளில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிச் சின்னக் கடைகளுக்குப் போகாதீர்கள்.

வெள்ளி இரவு என்றால் ஆய்ஸ்டின்ஸ். மீன்பிடிக் கிராமம். தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து 11 என்று எழுதிய வேனில் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும். வெள்ளை வண்டியில் கருஞ்சிவப்புப் பட்டை போட்டு ஓடும் இந்த வேன்களை ‘இசட்ஆர்’ என்பார்கள். பாட்டு காதைக் கிழிக்கும், உட்கார இடம் இல்லை என்றாலும் நெருக்கி ஏற்றிக்கொள்வார்கள். டிக்கெட் எவ்வளவு தூரம் போனாலும் மூன்றரை பார்படாஸ் டாலர்தான். ஆய்ஸ்டின்ஸில் வரிசையாக மீன் கடைகள். மார்லின், சூரை, வாள்மீன் எல்லாம் கண்ணெதிரே கரி அடுப்பில் வேகும். பலகையில் ‘டால்ஃபின்’ என்று இருந்தால் பதறாதீர்கள், அது மாஹி மாஹி என்கிற மீன். தட்டில் மீனோடு மக்ரோனி பை (சீஸ் சேர்த்து அடுப்பில் சுட்ட மக்ரோனி), வாழைப்பழ வறுவல், கோஸ் சாலட் என்று அடுக்கித் தருவார்கள். சாப்பாட்டில் அளவு குறைவானவர்கள் என்றால் ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். எட்டு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும், ஆறரைக்கே போய்விடுங்கள். இன்னொரு யோசனை, அதே கடைகளில் பல மற்ற நாட்களிலும் திறந்திருக்கும். பாட்டும் கூட்டமும் முக்கியமில்லை, மீன்தான் முக்கியம் என்றால் வேறொரு நாள் போவது உத்தமம்.

சனிக்கிழமை ‘புட்டிங் அண்ட் சவுஸ்’. சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரைத்து மசாலா போட்டு வேகவைத்தது ஒரு பக்கம், எலுமிச்சைச் சாறும் வெள்ளரிக்காயும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்த பன்றி இறைச்சி இன்னொரு பக்கம். பன்றி சாப்பிடுகிறவர்கள் விடவே கூடாது. தெருவோரம் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். வியாழக்கிழமை என்றால் கிழக்குக் கரையில் மார்ட்டின்ஸ் பே. மதிய மீன் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்களே வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஞாயிறு சர்ச்சும் வீட்டுச் சாப்பாடும். சின்னக் கடைகள் பாதி மூடியிருக்கும், முன்கூட்டியே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் மதியம்தான் பிரதான வேளை. தீவுக்கு வரும் உணவுப் பொருளில் பெரும்பகுதி இறக்குமதி, அதனால் ராத்திரி ரெஸ்டாரண்டில் உட்கார்ந்தால் பில் தலை சுற்றும். மதியம் ஆபீஸ் ஆட்கள் சாப்பிடும் கேன்டீனிலும் சாப்பாடு விற்கும் வேனிலும் அதே சமையல் பாதி விலைக்குக் கிடைக்கும். பன்னிரண்டு மணிக்குப் போனால் எல்லாம் இருக்கும், ஒன்றரைக்குப் போனால் மிச்சம்தான். மேற்குக் கரையில் ஸ்பைட்ஸ்டவுன் பக்கம் போனால் ஃபிஷர்மேன்ஸ் பப் பாருங்கள். கவுன்டரில் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்த மரத் தளத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். கூ-கூ என்கிற, மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் சேர்ந்த களி அங்கே இருந்தால் வாங்குங்கள். அதோடு குழம்பில் வெந்த பறக்கும் மீன் சேர்ந்தால் அதுதான் அந்த நாட்டின் தேசிய உணவு. பறக்கும் மீன் டிசம்பரிலிருந்து ஜூன் வரை கிடைக்கும், உங்கள் ஜனவரி சரியான மாதம். ஆனால் சில வருடங்களாக வரத்து குறைந்திருக்கிறது, ‘இன்று இல்லை’ என்று சொன்னால் சண்டை போடாதீர்கள்.

கட்டாயம் போங்கள் என்று நான் சொல்லும் ஒரு கடை: பிரிட்ஜ்டவுனுக்குச் சற்றுத் தெற்கே, பெபிள்ஸ் கடற்கரை பக்கத்தில் நிற்கும் கஸ்ஸஸ் மீன் கடை. மெனு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ‘சால்ட் பிரெட்’ என்கிற உருண்டை பன்னைக் கீறி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனை உள்ளே வைத்து, மேலே ஒரு சீஸ் துண்டு. மீன் சூட்டில் சீஸ் ஓரங்களில் இளகி பன்னோடு ஒட்டிக்கொள்ளும். பெயர் கட்டர். மஞ்சள் நிற பெப்பர் சாஸை நீங்களே விட்டுக்கொள்ள வேண்டியதுதான். கடுகும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் சேர்ந்த சமாச்சாரம் அது. நம் ஊர் ஆள் என்கிற மிதப்பில் கவிழ்க்காதீர்கள், நான்கு சொட்டு போதும்.

சைவத்துக்கு வருகிறேன். ‘ரைஸ் அண்ட் பீஸ்’ (பயறு சேர்த்து வேகவைத்த சோறு) என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உப்பிட்ட பன்றி வாலோ இறைச்சியோ போட்டு வேகவைப்பது அங்கே சகஜம். ‘இதில் சால்ட் மீட் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். மக்ரோனி பையில் முட்டை இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள். நம்பிப் போகக்கூடியது ரஸ்தஃபாரி என்கிற சமயப் பிரிவினர் நடத்தும் ‘ஐட்டல்’ கடைகள். இறைச்சி சேர்க்க மாட்டார்கள், பருப்பும் கிழங்கும் கீரையும்தான். அடுத்தது ரொட்டிக் கடைகள். டிரினிடாட் பாணியில் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் கறி வைத்து மெல்லிய ரொட்டியில் மடித்துத் தருவார்கள். ஒன்றும் அமையவில்லை என்றால் செஃபெட் இருக்கிறது. 1972-லிருந்து ஓடும் உள்ளூர் பாஸ்ட்ஃபுட் கடை, ஊர் முழுக்கக் கிளைகள், அங்கேயும் உருளைக்கிழங்கு ரொட்டி உண்டு. பயணிகள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள், உள்ளூர்க் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களெல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

டாக்ஸிக்காரரிடம் ‘நல்ல கடை எது?’ என்று கேட்டால் சுற்றுலாக் கடைக்குத்தான் கொண்டுபோவார். ‘நேற்று மத்தியானம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். அப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் ஆர்டருக்கு முன்னால் ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லிவிடுங்கள். வணக்கம் வைக்காமல் நேராக விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். விலை சொல்லும்போது எந்த டாலர் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், கடற்கரைக் கடைகள் சிலவற்றில் பலகையில் இருப்பது அமெரிக்க விலை.