பாரம்பரிய நெல்லும் கூலி நெல்லும்: கேள்வி பதில்

(டெல்டாவில் பாரம்பரிய நெல் சாகுபடி செய்பவரும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நெடுநாள் இருப்பவருமான தோழர், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கோவை நண்பர்: மாப்பிள்ளைச் சம்பாவும் கருங்குறுவையும் சாப்பிட்டு நம் தாத்தாக்கள் திடமாக இருந்தார்கள். பசுமைப் புரட்சிதானே எல்லாவற்றையும் கெடுத்தது?

பதில்: யாருடைய தாத்தா? கீழத்தஞ்சைப் பண்ணையாளுக்குச் சம்பா நெல் களத்துமேட்டோடு சரி. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து விவசாயத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டி, 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சவுக்கடிக்கும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலுக்கும் தடை வந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1965 வாக்கில் ஏ.டி.டி. 27 என்ற புதிய உயர் விளைச்சல் நெல் வந்தது. விளைச்சல் கூடியது, கூலி கூடவில்லை. தொழிலாளர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் மிராசுதாரர்களும் அடியாட்களும் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கைதான மிராசுதாரர்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

பசுமைப் புரட்சி கெடுத்ததும் உண்டு. நடவுக்குப் போகும் பெண்கள் திரும்பும்போது மடியில் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையும் இருக்கும். காசில்லாத வீட்டின் கறி அதுதான். வயலில் பூச்சிமருந்து விழுந்ததும் அது போயிற்று. மிராசுதார் வீட்டுச் சமையலில் எதுவும் குறையவில்லை.

யாழ்ப்பாணத்துத் தோழி: எங்கட நாட்டில 2021-ல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினாங்கள். விளைச்சல் விழுந்துபோச்சு. இயற்கை விவசாயம் சரிவராது எண்டுதானே அர்த்தம்?

பதில்: இல்லையம்மா. டாலர் தட்டுப்பாட்டில் இருந்த அரசு, விவசாயியைக் கேட்காமல் மேலிருந்து போட்ட உத்தரவு அது. ரசாயனத்துக்குப் பழகிய மண் தேற சில பருவங்கள் ஆகும். மாற்று எருவும் கையில் இல்லை. நவம்பரிலேயே பின்வாங்கினார்கள். சோவியத் உதவி நின்றபோது கியூபாவுக்கும் உரமில்லை, டீசல் இல்லை. அங்கே 1993-ல் அரசுப் பண்ணைகளைக் கூட்டுறவுகளிடம் விட்டார்கள், நகரத்துக் காலி மனைகளில் காய்கறி போட்டார்கள். அதற்காகக் கியூபாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். உணவில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான்.

மயிலாடுதுறை குத்தகை விவசாயி: அண்ணே, நிலம் என்னுடையது இல்லை. மண்ணை நான் தேற்றினால், அடுத்த வருஷம் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்களே?

பதில்: நியாயமான பயம் தம்பி. மேடையில் மண்வளம் பேசுகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர் பதிவு கேட்டால் மறுநாளே நிலம் கைமாறும். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு சேர்ந்து மனு கொடுங்கள். அதுவரை, போட்ட பருவத்திலேயே பலன் தருவதைச் செய்யுங்கள். நடவுக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். யூரியாச் செலவு அந்தப் போகத்திலேயே குறையும். முதலில் ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) குறுகிய காலப் பாரம்பரிய நெல்லான பூங்கார் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா வேண்டாம். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும், உயரமாக வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும்.

சென்னை வாசகர்: கடையில் பாரம்பரிய அரிசி விலை, ரேஷன் அரிசி வாங்கும் குடும்பத்துக்கு எட்டுமா?

பதில்: எட்டாது. நுகர்பொருள் வாணிபக் கழகம் தனி விலை கொடுத்துக் கொள்முதல் செய்து, ரேஷனிலும் சத்துணவிலும் போட வேண்டும். அதுவரை அது பணக்காரர் பத்தியச் சோறுதான்.

திருச்சி மாணவி: விதை எங்கே கிடைக்கும்?

பதில்: திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போங்கள். 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் தொடங்கி வளர்த்தது. இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே அவர் வைத்த ஏற்பாடு. வாங்கியதை நன்றாகக் காயவைத்து, நொச்சி இலை போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அந்துப்பூச்சி தின்றுவிடும்.