ஜி.பி.எஸ். இருந்தால் வரைபடமும் காம்பஸும் எதற்கு?

கேள்வி: ஐயா, வனத்துறையின் அனுமதி பெற்று நண்பர்களுடன் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் செல்லவிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். அதற்கு மேல் வரைபடமும் காம்பஸும் தேவைதானா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மூன்றுமே தேவை. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்பதால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி அதில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். அத்தகைய கருவியை அரசின் அனுமதியின்றி நம் நாட்டில் பயன்படுத்துவது குற்றம்.

வெட்டவெளியில் நீங்கள் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகுக்குள் சொல்லிவிடும். ஆனால் அதன் அம்புக்குறி, போக வேண்டிய இடத்துக்கு நேர்கோட்டைத்தான் காட்டும். உங்கள் ஊர்க் கண்மாயின் இக்கரையில் நின்று அக்கரையிலுள்ள ஐயனார் கோயிலை இலக்காகக் குறித்துப் பாருங்கள். அம்புக்குறி தண்ணீருக்குள் இறங்கச் சொல்லும், கரையைச் சுற்றிப் போகும் வழியை வரைபடத்தில்தான் காண்பீர்கள். மலையில் அந்தத் தண்ணீரின் இடத்தில் செங்குத்துப் பாறை இருக்கலாம். 1:50,000 அளவு வரைபடத்தில் 20 மீட்டர் உயர இடைவெளிக்கு ஒன்றாக வரையப்படும் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு செங்குத்து என்று பொருள்; தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது டேட்டம், அதாவது பூமியின் வடிவத்தை ஒட்டி அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட உதவும் அடிப்படை அமைப்பு. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்னும் டேட்டத்தின் அடிப்படையில் அமைந்தவை. கருவியோ வழக்கமாக டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் டேட்டத்தின் அடிப்படையில் இயங்குவது. இரண்டையும் பொருத்தாமல் குறித்தால் உங்கள் இடம் 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். அடர்ந்த காட்டில் ஒற்றையடிப் பாதையைத் தவறவிட அதுவே போதும். அதே துறையின் புதிய பொதுப் பயன்பாட்டு வரைபடங்களில் இந்தச் சிக்கல் இல்லை. காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும், வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு நம் பக்கத்தில் ஏறத்தாழ 2 டிகிரிதான் என்றாலும், கிலோமீட்டருக்கு 35 மீட்டர் விலகல் அதனால் வரும்.

தங்கி இளைப்பாறும் ஒவ்வோர் இடத்திலும் கருவி காட்டும் நிலையை நேரத்தோடு பென்சிலால் வரைபடத்தில் குறித்து, அடுத்த இடத்துக்கான திசையைக் காம்பஸில் எடுத்துக்கொண்டு, கருவியை அணைத்துவிட்டு நடங்கள். பேட்டரி தீர்ந்தாலும், மரச்செறிவும் பள்ளத்தாக்கும் சமிக்ஞையை மறைத்தாலும், கடைசியாகக் குறித்த புள்ளியிலிருந்து வழியைத் தொடரலாம். காம்பஸைப் பார்க்கும்போது மட்டும் கைப்பேசி, டார்ச், ஜி.பி.எஸ். மூன்றையும் அதன் அருகே வைக்காதீர்கள், முள் விலகிவிடும்.