ஊழ், விதி, நசீபு

கேள்வி: கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் எங்கள் பக்கம் ‘விதி’ என்கிறார்கள். கீழக்கரை நண்பர் ‘நசீபு’ என்கிறார். தமிழாசிரியர் ‘ஊழ்’ என்றார். மூன்றும் ஒன்றுதானா? ‘விதி’ தமிழ்ச்சொல்லா? எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது என்றுதானே வள்ளுவரும் சொல்கிறார்?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: மூன்றும் சுட்டுவது ஒன்றைத்தான். ஆனால் வந்த வழி வேறு வேறு.

‘விதி’ வடசொல். இன்னபடி என்று வகுத்து வைத்தது, இட்ட கட்டளை என்று பொருள். அதனால்தான் சாலை விதி, தேர்தல் விதி என்றும் சொல்ல முடிகிறது. நெடுங்காலமாகத் தமிழில் புழங்கும் சொல். அதை விரட்ட வேண்டியதில்லை.

‘ஊழ்’ நம்முடையது. அதில் எழுத்தும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல், உதிர்தல். கொத்தாகப் பூத்தும் மணக்காத பூவை வள்ளுவரே 650ஆம் குறளில் ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ என்கிறார். பருவம் வந்தால் அவிழும், முதிர்ந்தால் உதிரும். ஊழ் என்ற சொல்லுக்கு முறை என்ற பொருளும் உண்டு. புறநானூறு 192இல் கணியன் பூங்குன்றனார் ‘முறை’ என்றே சொல்லிவிடுகிறார்: ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’. அவர் பாடியது மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் போக்கிலே போகும் புணையை, அதாவது தெப்பத்தை. இருந்தாலும் பாம்பன் நீரோட்டத்தில் படகு விட்டவருக்கு இந்த வரிக்கு உரை வேண்டாம்.

‘நசீபு’ அரபுச்சொல். பங்கு, ஒருவருக்கு ஒதுங்கிய பாகம் என்று பொருள். தமிழில் ‘பால்’ என்ற சொல்லைப் பாருங்கள். பகுதி என்பதும் அதுதான், ஊழ் என்பதும் அதுதான். காதலர் சந்திப்பதைத் தொல்காப்பியம் ‘பாலது ஆணை’ என்கிறது. குறள் 377இல் வரும் ‘வகுத்தான் வகுத்த வகை’யும் பங்கிடுவதுதான். மீன் விற்ற காசைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைக்கிற கரையில் இருப்பவர் நீங்கள். அரபியரும் தமிழரும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்தது எனக்குத் தீராத வியப்பு.

சரி, கடைசிக் கேள்வி. முன்பே எழுதியது என்பது தலையெழுத்து. வள்ளுவர் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. ‘ஊழிற் பெருவலி யாவுள’, ஊழைவிட வலியது எது என்று 38ஆம் அதிகாரத்தில் கேட்டவர்தான், தளராமல் முயல்கிறவர் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’, அதாவது ஊழையே புறமுதுகிட வைப்பார் என்று 620ஆம் குறளில் சொன்னார். ஒன்றை மட்டும் படித்துவிட்டு அவர் மேல் பழி போடாதீர்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ரயிலைக் கொண்டுபோன அலையை எந்தக் கையும் தடுத்திருக்க முடியாது. அதை ஊழ் என்று சொல்லி அழலாம். ஆனால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகும் ஆளைக் கடலுக்கு அனுப்பியவர், ஒரு லைஃப் ஜாக்கெட்கூட வாங்கித் தராதவர், மறுநாள் துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘எல்லாம் விதி’ என்றால், அதை நீங்களும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. அந்த விதவையிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. விதி என்றால் போட்ட சட்டம் என்றும் பொருள் உண்டு. அவர் மீறியது அதைத்தான் என்று அங்கேயே, நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.