கோத்தகிரியில் வெந்நீர்: கடிதமும் பதிலும்

வணக்கம். கோத்தகிரியில் நான்கு பேர் உள்ள வீடு எங்களுடையது. கரன்ட் செலவைக் குறைக்கக் கீசரைக் கழற்றிவிட நினைக்கிறோம். குளிரில் சோலார் வேலை செய்யாது என்கிறார்கள். விறகுப் பாய்லர் என்றால் புகை. எதைத்தான் வைத்துக்கொள்வது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கீசரைக் கழற்ற வேண்டாம். முதல் சூட்டைச் சோலார் ஏற்றட்டும், குறைவதைக் கீசர் ஈடுகட்டட்டும்.

சோலாரைப் படுத்துவது மேகமும் மூடுபனியும்தான். ஜனவரிக் குளிரிலும் பகலில் வானம் தெளிவாக இருந்தால் கண்ணாடிக் குழாய் வகை நன்றாகச் சூடேறும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் வாங்கிய சூடு வெளியே போகாது. உறைபனி இறங்கும் பள்ளங்களில் தட்டை வகை வேண்டாம். உள்ளே நீர் உறைந்தால் செம்புக் குழாய் வெடிக்கும். கண்ணாடிக் குழாயில் முதல்முறை நீர் நிரப்புவதை விடியலிலேயே முடித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்த குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும்.

ஜூலை மூடுபனியில் தொட்டி நீர் 30 டிகிரிதான் தொட்டது என்று வையுங்கள். கீசரில் 15 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற ஏறத்தாழ 0.7 யூனிட் ஆகும். 30இலிருந்து என்றால் 0.44 போதும். அந்த வெதுவெதுப்புக்கும் மதிப்பு உண்டு.

கோளாறு பெரும்பாலும் குழாய் வேலையில் வரும். சோலார் நீரை எப்போதும் கீசர் வழியாகவே விட்டால், கீசரில் ஆறிக்கிடக்கும் நீர்தான் முதலில் வரும். உடனே கை சுவிட்சுக்குப் போய்விடும். ஆகவே ஒரு மூவழி வால்வு போடுங்கள்: வெயில் நாளில் நேரே குளியலறைக்கு, மற்ற நாளில் கீசர் வழியாக. நேர்வழியில் விட்டிருக்கும்போது கீசர் சுவிட்சு அணைந்தே இருக்கட்டும். கீசரின் பாதுகாப்பு வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. எவ்வளவு சூடான நீரை உள்ளே விடலாம் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறத்தாழ நாலு லிட்டர் நிற்கும். காலையில் அது குளிர்ந்துதான் வரும். வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குக் கறுப்பு நுரை உறை மாட்டி, மேலே அலுமினிய டேப் சுற்றுங்கள். வெறும் நுரை வெயிலில் பொடிந்து உதிரும்.

விறகுப் பாய்லரும் இருக்கட்டும், தொடர்மழையில் கரன்ட் போகும் நாட்களுக்கு மட்டும். பட்டா நிலத்துச் சீகை (வாட்டில்) மரத்தைப் பிளந்து, கூரைக்கடியில் ஆறு மாதமாவது காயவிட்டு எரியுங்கள்; ஈர விறகுதான் அத்தனை புகைக்கும் காரணம். சோலை எனும் இயற்கை மலைக்காட்டு மரத்தில் ஒரு சுள்ளிகூட வேண்டாம். சீகை தானாகப் பரவும் அயல்மரம், சோலை மரம் அந்தப் பருமனுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வாளிக் குளியல் என்றால் நால்வருக்கு 100 லிட்டர் தொட்டி போதும். ஷவர் வேண்டுமென்றால் போதாது, அதை வீட்டில் பேசி முடித்துவிட்டுத் தொட்டி வாங்குங்கள்.