பிட்காயின் நிரலில் பிழை வந்தால் யாரைக் கேட்பது?

டெவலப்பர்கள் மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் பிட்காயினை இயக்கும் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோர் வெளியாகும் எம்ஐடி உரிமத்திலேயே (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம்), எந்த உத்தரவாதமும் இல்லை, இழப்புக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறது.

பிட்காயினை உருவாக்கியவர் தானே என்று சொல்லிக்கொண்ட கிரெய்க் ரைட்டின் டூலிப் டிரேடிங் நிறுவனம், ஹேக்கிங்கில் தன் பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிகள் பறிபோனதாகச் சொல்லி, நிரலை மாற்றிச் சுமார் 1,11,000 பிட்காயினை மீட்டுத்தரும்படி லண்டனில் வழக்குப் போட்டது. 2022இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, டெவலப்பர்களுக்கு அப்படியொரு கடமை உண்டா என்பதை முழுதாக விசாரிக்க வேண்டும் என்றது. 2024இல் வழக்கே கைவிடப்பட்டதால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

சரி, நீதிமன்றம் இல்லாமல் பொறுப்பு எப்படி நடக்கிறது? 2018 செப்டம்பரில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. ஒரே பரிவர்த்தனையில் ஒரே காசை இரண்டு முறை கணக்கில் காட்டி, இல்லாத பிட்காயினை உருவாக்கிவிடலாம். இத்தனைக்கும் பலர் பார்த்து ஏற்ற நிரல் அது! டெவலப்பர்கள் அதை 0.16.3 பதிப்பில் சரிசெய்தார்கள், சில நாட்களில் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பதிப்பை நிறுவச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த அவர்களால் முடியாது, அது நோடு (பிட்காயின் மென்பொருளை ஓட்டும் கணினி) நடத்துபவர் கையில். அதனால் எந்த கிரிப்டோ திட்டத்திலும் பணம் போடும் முன், அந்தத் திட்டம் பழைய பிழைகளை எப்படி வெளியே சொன்னது என்று கட்டாயம் தேடிப் பாருங்கள்.