குளிசை தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் கேளுங்கள்

கணவருக்கு 74 வயது, அல்சைமர் மறதிநோய். நான் நகையைக் களவெடுத்து என் தம்பிக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். பொழுதுபட்டால் அடிக்க வருகிறார். டொக்டர் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை எழுதித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா? (வெள்ளவத்தை)

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: இது மெல்ல மெல்ல வந்ததா, போன கிழமைதான் திடீரெனக் கூடியதா? திடீரென்றால் சலத்தைப் பரிசோதியுங்கள். சலத்தில் கிருமி, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத பல்வலி, எல்லாமே இப்படி ஆட்டிவைக்கும். தடிமனுக்குப் பாமசியில் வாங்கும் பிரிட்டோன்கூட மறதிநோயாளியைக் குழப்பிவிடும்.

அப்படியொன்றும் இல்லை, அடிதான் விழுகிறது என்றால் மருந்துக்கு இடமுண்டு. பெரும்பாலும் 0.25 மில்லிகிராமில், காலையும் மாலையும் தொடங்குவார்கள். பிரிட்டனில் இந்தத் தேவைக்கு 6 கிழமை வரைதான் அனுமதி. காரணம் இருக்கிறது. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 10 கிழமைகளில், இவ்வகை மருந்து எடுத்த மறதிநோயாளிகளில் 4.5 வீதமானோர் இறந்திருந்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 2.6 வீதம். பக்கவாத அபாயமும் உண்டு. ஆகவே, "எப்போது குறைத்து நிறுத்துவோம்?" என்று இன்றே கேட்டுத் துண்டில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் கிளினிக் கொப்பியில் அது வருடக்கணக்காக ஓடும். நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

களவுப் பேச்சு வேறு. வைத்த இடம் மறந்த மனம் அந்த இடைவெளியைக் கள்ளனால் நிரப்புகிறது. குளிசை அந்த ஞாபகத்தைத் திருப்பித் தராது. வாதாட வேண்டாம். "வாங்கோ, இரண்டு பேருமாத் தேடுவம்" என்று அலுமாரியைத் திறவுங்கள்.

மனைவி சுவரோரம் சின்னப்பிள்ளைகள் நிற்கிறார்கள் என்கிறா. கையும் நடுங்கும். ஹாலோபெரிடோல் (இதுவும் ஒரு மனநோய் மருந்து) கொடுத்த மறுநாள் மரக்கட்டைபோல் விறைத்துவிட்டா. (கொட்டாஞ்சேனை)

அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல் இன்றே டொக்டருடன் கதையுங்கள். காய்ச்சலும் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லூயி பொடி வகை மறதிநோயாக இருக்கலாம்; இல்லாத உருவங்கள் தெரிவதும் நடுக்கமும் சேர்ந்து வரும் வகை அது. இவர்களுக்கு இந்த மருந்துகள் உயிராபத்தாகவே முடியலாம். ரிவாஸ்டிக்மின், டொனெபெசில் போன்ற மறதிநோய் மருந்துகள் இவர்களுக்குப் பல வேளை நன்றாகவே உதவும். மனநல டொக்டரிடம் கேளுங்கள். பிள்ளைகள் பயமுறுத்தவில்லை என்றால், அவர்கள் நின்றுவிட்டுப் போகட்டுமே.

இரவில் தூங்கவைக்க டயசெபாம் குளிசை கொடுத்தால் என்ன? (தெஹிவளை)

வேண்டாம். விழுவார், இடுப்பெலும்பு முறியும், குழப்பமும் கூடும்.

குளிசையில் நஞ்சிருக்கிறது என்கிறார். பிளேன்டீயில் ஒளித்துக் கொடுக்கிறேன், சரியா? (பம்பலப்பிட்டி)

டொக்டருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். உடைக்கக் கூடாத குளிசைகள் இருக்கின்றன. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், நஞ்சு என்ற அவரது சந்தேகத்தை நீங்களே மெய்யாக்கியதாகிவிடும். அப்புறம் சாப்பாட்டையும் தொடமாட்டார். டொக்டர் சம்மதித்து ரிஸ்பெரிடோன் திரவமாகத் தந்தாலும், அதைத் தேநீரிலோ கோலாவிலோ கலக்கக் கூடாது. தண்ணீரோ தோடம்பழச் சாறோ பரவாயில்லை.