முதலில் சேமக்காலை, நேரமிருந்தால் பிள்ளைகளா?

கேள்வி: என் மனைவி புற்றுநோயால் இறந்து இரண்டு வருடங்களாகின்றன. பெரியகல்லாற்றில் அவளுடைய வீட்டுக்கு அருகிலுள்ள சேமக்காலையில் அடக்கம் செய்தோம். அது அவளுடைய சீதன வீடு என்பதால், அவளுக்குப் பிறகு அங்கே இருக்க மனம் ஒப்பாமல், மட்டக்களப்பில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கல்லறையைத் துப்புரவாக்கிப் பூ வைத்து ஜெபித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்தால் மாமியோடு இருக்கும் பிள்ளைகள் இருவரையும் பார்த்து வருவேன். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, அதாவது கலியாண உறவே இல்லை என்று அண்மையில் ஒரு பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரையில்லை. அங்கே அவள் என்னை அடையாளம் காண்பாளா?

பதில்: தம்பி, அந்த வசனம் உயிர்த்தெழுதலே இல்லையென்று சாதித்த சதுசேயருக்கு இயேசு சொன்ன மறுமொழி. ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணை மணந்து இறந்துபோனால், அவள் அங்கே யாருக்கு மனைவி என்று அவரை மடக்கப் பார்த்தார்கள். இனி மரிக்கமாட்டாதவர்களுக்குச் சந்ததிக்காக மணம் முடிக்கவேண்டிய தேவையில்லை என்பதை அவர் விளக்கினாரே தவிர, அன்பு வைத்தவர்கள் ஒருவரையொருவர் மறந்துபோவார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. உயிர்த்த கிறிஸ்துவின் கைகளில் காயங்கள் இருந்தன. அவர் சீடருக்கு முன்னால் பொரித்த மீனைச் சாப்பிட்டார். பெயர் சொல்லி அழைத்தவுடன் மகதலேனா மரியாள் அவரை அறிந்துகொண்டாள். விசுவாசப் பிரமாணத்தில் சரீர உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் சபைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே அவள் உங்களை அடையாளம் காண்பாள் என்றே வைத்துக்கொள்வோம். கண்டதும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாளே, அப்போது என்ன சொல்வீர்கள்? பஸ்ஸுக்கு நேரமிருந்த கிழமைகளில் பார்த்தேன் என்றா?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கல்லறையில் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிய நீங்கள், பிள்ளைகளின் வயதைக்கூட எழுதவில்லை. அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், இரவில் தாயைத் தேடி அழுகிறார்களா, மாமிக்கு இந்த வயதில் இருவரையும் பார்க்க உடம்பு இடம் கொடுக்கிறதா என்று ஒரு வரியும் இல்லை. தாயை இழந்த பிள்ளைகள், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அவரையும் இழந்து நிற்கிறார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பேருக்குப் பூ வைக்க ஒரு கல்லறைகூடக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்றே, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளைக் குண்டுக்குப் பறிகொடுத்த பெற்றோர் இதே ஊரில் வாழ்கிறார்கள். எஞ்சிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உயிர்த்தெழுதலை நம்புகிற அவர்களிடமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்களுக்கோ கல்லறையும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீங்கள் கல்லறையைத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

சுவிசேஷத்தில் இயேசு மரித்தோரை எழுப்பிய இடங்களைப் பாருங்கள். நாயீனூர் விதவையின் மகனை எழுப்பியவுடன் அவனைத் தாயிடம் ஒப்புவித்தார். யவீருவின் மகளை எழுப்பிவிட்டு, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். தம்முடைய வெறுமையான கல்லறை அருகே நின்ற மரியாளையும் அவர் அங்கேயே இருக்க விடாமல், தம் சகோதரரிடம் போகும்படி அனுப்பினார். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இருப்பதை, நித்திரை வராத இரவில் எடுத்து வாசியுங்கள்.

சீதன வீடு என்ற நியாயத்தையும் நான் ஏற்கமாட்டேன். நம் பகுதியில் வீடு பெண்வழியே போவது நல்ல வழக்கம்தான். அந்த வழக்கப்படியே பார்த்தாலும், நாளை உங்களுக்கொரு மகள் அந்த வீட்டுக்கு உரியவளாக இருந்தால், மகளின் வீட்டில் தகப்பன் இருப்பதற்கு யாருக்குக் கூச வேண்டும்? மகனே என்றாலும் தகப்பனுடைய இடம் பிள்ளை படுக்கும் இடம்தான். ஊர்வாய்க்குப் பயந்து மாமியின் தலையில் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு, காசு அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை பின்னேரமே பெரியகல்லாற்றுக்குப் போங்கள். மாமியோடு உட்கார்ந்து, இரண்டு வருடங்களாக அவர் சுமந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அங்கேயே வந்து இருக்க இடம் கேளுங்கள். அங்கிருந்தே மட்டக்களப்புக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரலாம். அவர் மறுத்தால் பக்கத்தில் ஒரு அறையாவது வாடகைக்கு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். சேமக்காலைக்கு அதன்பிறகு மூவருமாகப் போகலாம். அம்மா எங்கே, திரும்பி வருவாளா என்று அவர்கள் அங்கே கேட்டால், என்னிடம் கேட்ட இதே கேள்விக்கு உங்கள் வாயாலேயே அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.